வடக்கே ஊர் பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு

பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் நீண்ட பயணம் என்றால் நெடுங்காலமாக மூன்று காரணங்கள்தான்: வேலை, கல்யாணம், சாவு. ஊர் பார்ப்பதற்கென்றே டிக்கெட் எடுப்பது அபூர்வம். இப்போது பிள்ளைகள் படித்துச் சிறு வேலைகளில் சேர்ந்து, "சிநேகிதர்களோடு டில்லி, ஆக்ரா போய் வருகிறோம்" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கொழிஞ்சாம்பாறையில் உள்ள வீடானாலும் சரி, வண்டிப்பெரியாறு எஸ்டேட் லயமானாலும் சரி, பெற்றோருக்கு முதலில் வருவது பயம். அடுத்து வருவது செலவுக் கணக்கு.

இரண்டிலும் நியாயம் உண்டு. சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. ஆனால் முதல் பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் புறப்படுவதற்கு முன்பேதான். முன்பதிவில் ஒரு தவறு, மலை இறங்குவதில் ஒரு தாமதம். அதோடு பணமும் போகும், "இனி எங்கும் போக வேண்டாம்" என்ற பேச்சும் வரும். இந்த இரண்டையும் சரியாகச் செய்து கொண்டால் மீதி வழி அவ்வளவு கடினம் அல்ல.

அறுபது நாள் கணக்கு

1.11.2024 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. பயண நாள் இதில் சேராது. மே 1-ந் தேதி புறப்படுகிறவர்களுக்கு மார்ச் 2-ந் தேதி காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். மே 10-ந் தேதி திரும்ப வேண்டுமானால் அதற்கு மார்ச் 11-ந் தேதிதான் திறக்கும். போகும் டிக்கெட்டை எடுத்த சந்தோஷத்தில் வரும் டிக்கெட்டை மறந்துவிடுவது பலருக்கும் நேருவது. இரண்டு தேதிகளையும் காலண்டரில் குறித்து வைப்பது நல்லது.

ஆன்லைனில் எடுத்த டிக்கெட் சார்ட் தயாரான பிறகும் முழு வெயிட்டிங் லிஸ்டில் இருந்தால், அது தானாக ரத்தாகிவிடும், பணம் திரும்பும். கவுண்டரில் எடுத்த வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டுடன் ரிசர்வ் பெட்டியில் ஏறக் கூடாது. ஆர்.ஏ.சி. என்று வந்தால் ஏறலாம். இருவர் உட்காரும் இடம் உண்டு, யாராவது வராவிட்டால் படுக்கையும் கிடைக்கலாம்.

தட்கல் டிக்கெட்டை நம்பித் திட்டம் போடுவது சரியல்ல. 1.7.2025 முதல் ஆன்லைனில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பு அவசியமாகியிருக்கிறது. வேறொருவர் பெயரில் உள்ள டிக்கெட்டை ஏஜெண்ட் யாராவது கொடுத்தால் வாங்கவே கூடாது. அதில் பயணம் செய்வது சட்டப்படி குற்றம்.

எல்லைப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு சான்றிதழில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து இருக்கும். இன்னொன்றில் வீட்டுப் பெயர் இருக்கும். எந்த அடையாள அட்டையைக் கையில் கொண்டு போகிறார்களோ, அதில் உள்ளபடியே டிக்கெட்டிலும் பெயர் இருக்க வேண்டும். அசல் அட்டை தேவை. லாட்ஜிலும் அதையே கேட்பார்கள்.

மலை இறங்கும் நாள்

இடுக்கி மாவட்டத்தில் ரயில் கிடையாது. மூணாறு பக்கத்தில் டாப் ஸ்டேஷன் வரை ஓடிய சிறு ரயில் 1924 வெள்ளத்தில் அழிந்தது. எனவே இடுக்கிப் பிள்ளைகளின் பயணம் பஸ்ஸில்தான் தொடங்குகிறது.

இதில் அண்மையில் ஒரு வசதி வந்திருக்கிறது. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட மதுரை - போடி ரயில் 2022-ல் தேனி வரையும், 2023 ஜூனில் போடி வரையும் மீண்டும் வந்தது. போடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு நேர் வண்டியும் உண்டு. சென்ட்ரலில் இருந்தே டில்லிக்கு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் தினமும் புறப்படுகிறது. மூணாறிலிருந்து போடி சுமார் 70 கிலோமீட்டர். குமுளிக்காரர்களுக்குத் தேனி அருகில்.

ஆனால் 70 கிலோமீட்டர் என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. கேப் ரோட்டில் மண் சரிந்தால் போக்குவரத்து நின்றுவிடும். 6.8.2020 இரவு பெட்டிமுடியில் 70 உயிர்களைக் கொண்டுபோன மண்சரிவை மலையில் யாரும் மறக்கவில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பெரும்பயணம் வைக்காமல் இருப்பதே நல்லது. மற்ற மாதங்களிலும் வண்டி புறப்படும் நாளுக்கு முதல் நாளே கீழே இறங்கி, உறவினர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்குவது மேல். ஓர் இரவு வாடகையைப் பார்த்து வண்டியைத் தவறவிட்டால், முழு டிக்கெட் பணமும் போய்விடும்.

பாலக்காட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கவலை இல்லை. கேரளா எக்ஸ்பிரஸ் பாலக்காடு ஜங்ஷன் வழியாகத்தான் டில்லி போகிறது. வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்தவர்களுக்குக் கோவையும் பொள்ளாச்சியும் அருகில். வீட்டிலிருந்து அலைச்சல் இல்லாமல் போகக்கூடிய ஸ்டேஷனையே ஏறுமிடமாகப் போட வேண்டும். ஏறுமிடத்தை மாற்ற வேண்டுமானால் முன்கூட்டியே முறைப்படி மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒரே டிக்கெட்டில் இரண்டு ஊர்

பலருக்குத் தெரியாத ஒரு விதி உண்டு. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட்டில், முதல் 500 கிலோமீட்டரைக் கடந்த பிறகு வழியில் ஓர் ஊரில் இறங்கி, வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக 2 நாள் தங்கலாம். 1,000 கிலோமீட்டருக்கு மேல் போனால் இப்படி இருமுறை இறங்கலாம். ராஜதானி போன்ற வண்டிகளுக்கு இது பொருந்தாது. பாலக்காட்டிலிருந்து டில்லிக்கு எடுத்தவர்கள் போபாலில் இறங்கி சாஞ்சி ஸ்தூபியையும், ஆக்ராவில் இறங்கி தாஜ்மகாலையும் பார்க்கலாம். முன்பதிவுப் படிவம் கொடுக்கும்போதே கவுண்டரில் இதைச் சொல்ல வேண்டும். இறங்கும் ஊரில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் டிக்கெட்டில் குறிப்பு வாங்க வேண்டும்.

தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இதைப் பார்க்காமல் நாள் குறித்து, பூட்டிய கதவின் முன் நின்று படம் எடுத்துத் திரும்பியவர்கள் பலர். டிசம்பர், ஜனவரியில் வடக்கே மூடுபனியால் வண்டிகள் பல மணி நேரம் தாமதமாகும். குளிர் மூணாறுப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. சித்தூர்ப் பிள்ளைகள் கம்பளி எடுக்க வேண்டும். மே மாதம் வெயில் கொளுத்தும். பிப்ரவரியும் அக்டோபரும் நல்ல மாதங்கள்.

பெண் பிள்ளைகள்

மகளை அனுப்பத் தயங்கும் வீடுகள் அதிகம். தொலைதூர மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளின் ஸ்லீப்பர் வகுப்பில் தனியாகவோ குழுவாகவோ போகும் பெண்களுக்கென்று 6 படுக்கைகள் ஒதுக்கப்படுகின்றன. முன்பதிவின்போது மகளிர் கோட்டா என்று கேட்க வேண்டும். வண்டியில் எந்தத் தொந்தரவானாலும் 139 என்ற எண்ணை அழைக்கலாம். ரயில்வே பாதுகாப்புப் படைக்கும் இதே எண்தான்.

வழியில் கவனிக்க

மூட்டை ஒன்று போதும். அதை இருக்கைக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டுவது நல்லது. அறிமுகம் இல்லாதவர் கொடுக்கும் தின்பண்டத்தை மரியாதையாக மறுத்துவிட வேண்டும். பணம் முழுவதும் செல்போனில் இருக்கக் கூடாது. போன் தொலைந்தால் பணமும் டிக்கெட்டும் வீட்டு நம்பரும் ஒன்றாகப் போகும். கொஞ்சம் ரொக்கம் தனியாகவும், டிக்கெட் விவரமும் நான்கு போன் நம்பர்களும் ஒரு தாளில் எழுதியும் இருக்க வேண்டும். அதே தாளின் நகல் வீட்டில் அம்மாவிடம் இருக்கட்டும்.

தமிழும் மலையாளமும் ஏற்கெனவே தெரிந்த பிள்ளைகளுக்கு மூன்றாவது மொழி பெரிய பாரமல்ல. இந்தியில் ஒன்று முதல் நூறு வரை எண்ணவும், "எவ்வளவு?", "எங்கே?" என்று கேட்கவும் தெரிந்தால் ஆட்டோக்காரரிடம் ஏமாற வேண்டியதில்லை.

தினமும் இரவு ஒரு முறை வீட்டுக்குப் பேசிவிட வேண்டும். முதல் பிள்ளை சொன்ன நாளில் சொன்னபடி திரும்பி வந்தால், அடுத்த வருடம் தங்கை கேட்கும்போது வீட்டில் அவ்வளவு தயக்கம் இருக்காது.