பகடையின் மீது ஏன் இத்தனை சந்தேகம்?

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் பலகை விளையாட்டுகள் மேலை நாடுகளில் பெருந்தொழிலாக வளர்ந்துவிட்டன. அவற்றுள் மந்திரவாதிகளும் அரக்கர்களும் நிலவறைகளும் நிறைந்த மாய உலகக் கதைகளுக்குத் தனி வரவேற்பு உண்டு. இப்போது அவை ஒவ்வொன்றாகக் கணினித் திரைக்கு இடம்பெயர்கின்றன. பெயர்ந்த உடனேயே, வாங்கி ஆடியவர்கள் எழுதும் குறைகளும் குவியத் தொடங்குகின்றன. அவற்றைத் தொடர்ந்து படித்துவருவதில் எனக்கு ஓர் ஈர்ப்பு உண்டு. அந்தக் குறைகளில் பல, மேலோட்டமாகப் பார்த்தால் நிரலின் பிழைகளைச் சொல்பவை. உற்று நோக்கினால், மேசையில் மனிதர்கள் ஓசையின்றிச் செய்துவந்த வேலைகளைப் பற்றியவை.

'குளூம்ஹேவன்' நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்கரான ஐசக் சில்ட்ரஸ் உருவாக்கிய இவ்விளையாட்டு 2017இல் வெளியானது. பெட்டியின் எடை ஏறத்தாழ 10 கிலோ. 95 களங்கள், 17 வகைக் கூலிப்படை வீரர்கள், எண்ணற்ற சீட்டுகள் என்று ஒரு சிறு நூலகமே அதற்குள் இருக்கிறது. நால்வர் வரை ஓரணியாகச் சேர்ந்து ஆடலாம்; எதிரணியில் மனிதர் எவரும் இல்லை, அரக்கர்களை விதிகளே நடத்துகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் கையிலுள்ள சீட்டுகளில் இரண்டைத் தேர்ந்து, ஒன்றின் மேற்பாதியையும் மற்றதன் கீழ்ப்பாதியையும் பயன்படுத்த வேண்டும். சீட்டுகள் தீர்ந்தால் வீரன் களைத்து வீழ்வான். பலகை விளையாட்டு ஆர்வலர்கள் கூடும் 'போர்ட்கேம்கீக்' தளத்தின் தரவரிசையில் இது பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது.

இதன் கணினி வடிவம் 2019 ஜூலையில் 'ஸ்டீம்' தளத்தில் விற்பனைக்கு வந்தது. 'ஏர்லி ஆக்சஸ்' முறையில், அதாவது முழுமை பெறுமுன்பே காசு வாங்கிக்கொண்டு, ஆடுபவர்களின் கருத்தைக் கேட்டுச் செப்பனிடும் முறையில் அது வெளியானது. முதலில் தரப்பட்டது பெட்டியில் இருந்த தொடர்கதை அன்று. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கோக்கப்படும் களங்களைக் கொண்ட வேறொரு வடிவம். அதையும் தனியாளாக மட்டுமே ஆட முடிந்தது. நண்பர்களோடு ஆடப் பிறந்த விளையாட்டைக் கதையும் இல்லாமல் நண்பர்களும் இல்லாமல் ஆடச் சொன்னால் என்ன பதில் வரும்? வந்த பதிலும் அதுதான்: கதை வேண்டும், கூட்டாட்டம் வேண்டும்.

உருவாக்கியவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. 95 களங்களில் பலவற்றுக்குத் தனித்தனிச் சிறப்பு விதிகள் உண்டு. அடிப்படைப் போர்முறை சரியாக இயங்குகிறதா என்று சோதிக்காமல் அத்தனையையும் கட்டி முடிப்பது, அடித்தளம் இறுகுமுன் மாடி எழுப்புவது போன்றது. ஆயினும் வாங்கியவர், பெட்டியின் மேல் கண்ட பெயரை நம்பியே காசு கொடுத்தார். கூட்டாட்டம் பின்னர் சேர்ந்தது. முழுத் தொடர்கதையுடன் நிறைவு வடிவம் 2021 அக்டோபரில் வந்தது. இரண்டாண்டுக்கும் மேலான காத்திருப்பு. அந்தக் கோரிக்கை இத்தனை உறுதியாக எழாதிருந்தால் இறுதி வடிவம் வேறாக அமைந்திருக்கக்கூடும் என்பது என் எண்ணம்.

இதைவிடச் சுவையான குறை ஒன்று உண்டு. 'மேசையில் எளிதாக வென்ற களத்தைக் கணினியில் வெல்ல முடியவில்லை. நிரல் வேண்டுமென்றே கடினமாக்கப்பட்டிருக்கிறது' என்பது அது. குளூம்ஹேவனில் ஓர் அரக்கன் யாரைத் தாக்குவான் என்பதற்கு நுணுக்கமான விதிகள் உள்ளன. எந்த வீரனை மிகக் குறைந்த அடிகளில் எட்டலாம், இருவர் சமமாக இருந்தால் யார் அருகில் நிற்கிறார், அதிலும் சமமானால் அந்தச் சுற்றில் யார் முதலில் செயல்படுகிறார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். இரவு பத்து மணிக்கு, ஆறு அரக்கர்களுக்கு இந்தக் கணக்கைப் போடும் நால்வர், ஐயம் வரும்போதெல்லாம் தங்களுக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொல்லிக்கொள்வார்கள். அதில் வஞ்சகம் ஏதுமில்லை; களைப்பும் நட்பும்தான் காரணம். கணினிக்கு இவ்விரண்டும் இல்லை.

செய்ததைத் திரும்பப் பெறுவதும் இந்த வகைதான். மேசையில் ஒருவர் காயை நகர்த்திவிட்டு, 'இல்லை, இந்தப் பக்கம் போகிறேன்' என்றால் யாரும் தடுப்பதில்லை. திரையில் உறுதிப் பொத்தானை அழுத்திவிட்டால் முடிந்தது என்ற நிலை ஆடுபவர்களைச் சினமூட்டுகிறது. இங்கே ஆடுபவர்கள் கேட்பது நியாயமே. ஆனால் ஒரு வரம்பு வேண்டும். புதிய கதவு திறக்கப்படாத, சீட்டு எதுவும் புரட்டப்படாத வரையில் ஓர் அடியைத் திரும்பப் பெறலாம். மறைந்திருந்த ஒன்று வெளிப்பட்ட பிறகு பின்வாங்க விட்டால், வருவதை முன்கூட்டியே அறிந்து ஆடும் ஆட்டமாகிவிடும். நல்ல மேசைகள் இந்த வேறுபாட்டைச் சொல்லாமலே கடைப்பிடிக்கின்றன. நிரலுக்கு அதை எழுதித்தான் தர வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றிலும் ஓங்கி ஒலிப்பது பகடை பற்றிய குற்றச்சாட்டு. குளூம்ஹேவனில் பகடை இல்லை. ஒவ்வொருவருக்கும் 20 சீட்டுகள் கொண்ட ஒரு கட்டு உண்டு, அதில் ஒன்று அடியை இரட்டிப்பாக்கும், ஒன்று அடியை முற்றிலும் வீணாக்கும். பகடையின் கொடுமையைப் பார்க்க 'பிளட் பவுல்' பக்கம் போக வேண்டும். பிரிட்டனின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1986இல் வெளியிட்ட இந்த விளையாட்டில் ஓர்க்குகளும் எல்ஃபுகளும் அமெரிக்கக் கால்பந்தைப் போன்ற ஒன்றை ஆடுகிறார்கள். பந்தை எடுப்பது, எதிரியிடமிருந்து விலகுவது போன்ற செயல்களில் ஒன்று தோற்றாலும் அந்த முறை அணியின் வாய்ப்பு அங்கேயே முடிந்துவிடும். பிரெஞ்சு நிறுவனமான சயனைட் 2009 முதல் இதன் கணினி வடிவங்களை வெளியிட்டுவருகிறது. அன்றிலிருந்தே 'கணினி பகடையில் ஏமாற்றுகிறது' என்ற புகார் ஓயவில்லை.

கணக்கைப் பார்ப்போம். 1 விழுந்தால் மட்டுமே தோல்வி என்ற ஒரு செயல். தோற்றால் இன்னொரு முறை உருட்டலாம். இரண்டு முறையும் 1 விழுவதற்கான வாய்ப்பு 36இல் ஒன்று. அரிது என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. ஆனால் அத்தகைய செயலை 36 முறை செய்தால், குறைந்தது ஒருமுறையேனும் அந்த இரட்டைத் தோல்வி நேர்வதற்கு ஏறத்தாழ 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. சில ஆட்டங்களிலேயே அத்தனை முயற்சிகள் சேர்ந்துவிடும். மேசையில் அது நேரும்போது நாம் நம் கையைத்தான் நொந்துகொள்கிறோம். தாயக்கட்டையை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டி, வேண்டிய எண்ணைச் சொல்லிப் போடும் நம்மவர்களுக்கு இது புதிதல்ல; போட்டது நம் கை என்பதால் வஞ்சித்தது யார் என்ற கேள்வி எழுவதில்லை. திரையில் எண்ணைத் தருவது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. கண்ணுக்குத் தெரியாததன்மீது ஐயம் எளிதில் விழுகிறது.

'சிவிலைசேஷன்' விளையாட்டுத் தொடரின் சிட் மையர் 2010இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் இதைப் பற்றிப் பேசினார். தங்களுக்கு மூன்றுக்கு ஒன்று என்று சாதகம் இருக்கும்போது தோற்பதை ஆடுபவர்கள் ஏற்பதில்லை; அதே விகிதம் எதிராக இருக்கும்போது வென்றுவிட்டால் முறையிடுவதும் இல்லை. ஆகவே அவர் தம் விளையாட்டில் வாய்ப்புகளை ஆடுபவரின் மனப்போக்குக்கு ஏற்பச் சற்று வளைத்தார். கணினிக்கென்றே பிறந்த விளையாட்டில் அது இயலும். பலகையிலிருந்து வந்த விளையாட்டில் இயலாது என்றே நான் கருதுகிறேன். அங்கே விதிநூல் எல்லோர் கையிலும் இருக்கிறது. 36இல் ஒன்று என்றால் 36இல் ஒன்றுதான். ஏமாற்றுகிறது என்று குறை சொல்பவரைத் திருப்திப்படுத்த நிரலை வளைத்தால், அப்போதுதான் அது உண்மையிலேயே ஏமாற்றத் தொடங்கும். செய்யக்கூடியது, விழுந்த ஒவ்வோர் எண்ணையும் புரட்டிய ஒவ்வொரு சீட்டையும் திறந்து காட்டுவது. தற்செயலின் கூர்மையைக் குறைக்க விரும்புவோருக்கு குளூம்ஹேவன் விதிநூலே வழி சொல்கிறது: வீணாக்கும் சீட்டை இரண்டு குறைவாகவும் இரட்டிப்பாக்கும் சீட்டை இரண்டு கூடுதலாகவும் வைத்துக்கொள்ளலாம். ஒளிவில்லாமல், ஆடுபவரே தேர்ந்துகொள்ளும் சலுகை அது.

குறைகளை எடைபோடும் தராசிலும் கோளாறு இருக்கிறது. ஸ்டீம் தளத்தில் பரிந்துரைக்கிறேன், பரிந்துரைக்கவில்லை என்ற இரண்டே தீர்ப்புகள். இருநூறு மணி நேரம் ஆடியவரின் தீர்ப்பும் ஒரு மணி நேரம் ஆடியவரின் தீர்ப்பும் விழுக்காட்டில் ஒரே எடை பெறுகின்றன. வாங்கிய 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்பது அங்குள்ள விதி. வாங்குபவருக்கு அது நல்ல பாதுகாப்பு. ஆனால் குளூம்ஹேவன் போன்ற ஆட்டத்தில் விதிகளைக் கற்று, ஒரு களத்தை முடிப்பதற்குள் அந்த இரண்டு மணி நேரம் கரைந்துவிடும். முடிவெடுக்க வேண்டிய தருணத்தில் ஆடுபவர் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார். தொடக்கப் பயிற்சியைத் தெளிவாக அமைப்பதில் காட்டும் கஞ்சத்தனம் நிறுவனங்களைத் திருப்பித் தாக்குவது இங்கேதான்.

இனி, தீர்க்கவே முடியாத குறைகள். பெட்டி வடிவத்தில் ஒரு வீரன் தன் இலக்கை எட்டி ஓய்வு பெற்றால், முத்திரையிட்ட சிறு பெட்டி ஒன்றை உடைத்துப் புதிய வீரனை வெளியே எடுப்பார்கள். வரைபடத்தில் ஒட்டும் ஒட்டுப்படங்களைப் பிறகு எடுக்க முடியாது. திரையில் அந்தச் சிலிர்ப்பு இல்லை என்று எழுதுபவர்களுக்கு எந்த நிரலாளரும் பதில் தர இயலாது. பதில் எதிர்பார்த்து அவர்கள் எழுதுவதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

இதற்கிடையே, குளூம்ஹேவனின் திருத்தப்பட்ட இரண்டாம் பதிப்புக்கு 2023இல் மக்களிடம் நிதி திரட்டப்பட்டது. வீரர்களின் வலிமையும் களங்களும் அதில் சீரமைக்கப்பட்டன. அட்டையில் அச்சிட்டதை இணையம் வழியே திருத்த முடியாது. பழைய பெட்டியை வைத்திருப்பவர் புதிய பெட்டியை வாங்கியாக வேண்டும். கணினி வடிவமோ முதற்பதிப்பின் மீது எழுந்தது. அதை வாங்கியவர்களும் புதிய விதிகள் தங்களுக்கு எப்போது என்று கேட்பது இயல்பே.