பழங்காசும் ஊறுபாடும்

நாணயம் ஒன்றின் மதிப்பை அதன் பழைமையே உறுதிசெய்யும் என்பது பலர் கருத்து. அது முற்றும் பொருந்தாது. ஈழத்தில் நான்காம் நூற்றாண்டு உரோமச் செப்புக்காசுகள் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. தேய்ந்து உருவழிந்தவை மிகப் பழையனவாயினும் சிறுவிலையே பெறும். பழைமையோடு அருமையும், அவ்விரண்டினோடு காசின் நிலையும் கூடியே விலையை வரையறுக்கின்றன.

நிலையை ஆராய்வார் தேய்வையும் ஊறுபாட்டையும் வேறுபிரித்தறிவர். பலர் கைமாறி வழங்கியதால் உண்டாவது தேய்வு. அது காசுக்கு இயல்பு. துளை, வெட்டு, அராவல், வளைவு முதலியன ஊறுபாடு. 1949ஆம் ஆண்டில் வில்லியம் செல்டன் என்பார் அமெரிக்காவின் பழைய செப்புச் சதக்காசுகளை 1 முதல் 70 வரை எண்ணிட்டுத் தரப்படுத்தினார். 70 எனப்பட்டது 1 எனப்பட்டதினும் எழுபது மடங்கு விலைபெறும் என்பது அவர் கணக்கு. இம்முறை பின்னர்ப் பிற காசுகளுக்கும் பரவியது. தேய்வுக்கு இதில் படியுண்டு. துளைபட்ட காசுக்கோ இக்காலத் தரக்கணிப்பாளர் பொதுவாக எண் வழங்காது, குறையைக் குறித்தே சான்றளிப்பர்.

ஊறு எவ்விடத்தது என்பதும் நோக்கற்பாலது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் காசுகளில் நந்தியும் 'சேது' என்னுந் தமிழ்ச் சொல்லும் உள. விளிம்பிற் பட்ட சிறுவடு அவற்றின் மதிப்பை மிகக் குறைப்பதில்லை. அவ்வெழுத்தே சிதையின், காசு தன் மரபைக் கூறும் வாயை இழந்துவிடும்.

ஊறுகளுட் கொடியது அன்பினால் விளைவது. செம்புப் பாத்திரத்தைப் புளியிட்டு விளக்குவார் பழங்காசையும் அவ்வாறே துலக்குவர். நெடுங்காலமாகப் படிந்த திண்ணிய பசுங்களிம்பு உலோகத்தைக் காக்கும் போர்வையாகும். புளியின் அமிலம் அதனைக் கரைக்க, நுண்வரைகளும் உடன்போம். மினுக்கம் வரும், மதிப்புப் போம். ஆயின், வெளிறிய பச்சைப் பொடியாய் உதிருங் களிம்பு வேறானது. குளோரைட்டு உப்பு ஈரத்தோடு கூடிச் செம்பை அரிக்கும் நோய் அது. அத்தகைய காசைப் பிறவற்றினின்று நீக்கி, ஈரம்படாது வைத்து, அறிந்தாரிடங் காட்டல் வேண்டும்.

ஊறுபாடெல்லாம் இழப்பே எனவுங் கொள்ளலாகாது. 1898ஆம் ஆண்டில் புதுக்கோட்டைப் பகுதியிற் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளுட் பெரும்பாலானவற்றில் பேரரசர் தலைமீது உளிவெட்டு உண்டு. மீண்டும் நாணயமாய் வழங்காதவாறு வேண்டுமென்றே வெட்டினர் என்பது அறிஞர் சிலர் கருத்து. விற்பனைக்கு அவ்வெட்டுக் குறை. வரலாற்றுக்கு அதுவே செய்தி. அதனை நிரப்பிச் செப்பனிட்டால் அச்செய்தி மறைந்துவிடும்.

ஆகவே, தோட்டத்திலோ கிணற்றடியிலோ பழங்காசு காணும் மாணவர் அதனைத் தேய்த்தலுந் துலக்குதலுஞ் செய்யாது, கண்ட இடத்தையும் நாளையுங் குறித்துவைத்தல் வேண்டும். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்தின்படி அதனை உரியார்க்கு அறிவித்தலுங் கடமையாம். காசை வெட்டியவன் கை ஒரு செய்தியை விட்டுச்சென்றது. துலக்கும் கையோ உள்ள செய்தியையும் அழித்துவிடும்.