பெடல் வாங்கப் போகிறீர்களா? முதலில் கம்ப்யூட்டரில் கேளுங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லாரும் பாட்டு கேட்போம், படம் பார்ப்போம். வீட்டில் எலக்ட்ரிக் கிடார் இருந்தால் அதே கம்ப்யூட்டர் இன்னொரு பெரிய உதவியும் செய்யும். எந்த ஓவர்டிரைவ் பெடல் வாங்கலாம் என்பதைக் காசு செலவழிக்கும் முன்பே காட்டிவிடும். நான் ஒரு முறை சூடுபட்ட பிறகுதான் இதைக் கற்றுக்கொண்டேன்.

திருவொற்றியூரில் ஒரு சின்ன கானா குழுவில் கிடார் வாசிக்கிறேன். என் பெடல் போர்டு ஒரு பழைய பலகைதான். ட்யூனர், ஓவர்டிரைவ், டிலே என்று மூன்று பெடலுக்கு மேல் இடம் இல்லை. முதலில் வாங்கிய ஓவர்டிரைவ் வீட்டில் அருமையாக இருந்தது. மேடையில் பறையும் சட்டியும் முழங்க ஆரம்பித்ததும் என் கிடார் எங்கே போனது என்றே தெரியவில்லை. கச்சேரி முடிந்ததும் எங்கள் தாளக்காரர், "தம்பி, கீபோர்டுலயே கிடார் சத்தம் இருக்கே, அதையே போட்டுக்கலாமா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. பெடலைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். அடுத்ததைத் தப்பாக வாங்கினால் குழுவில் என் இடமே போய்விடும் என்ற நிலை.

கானாவோடு கிடார் சேராது என்று நினைக்க வேண்டாம். 2017-ல் உருவான ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் நடத்திய முதல் கச்சேரியிலேயே கானா, பறை, ராப், கிடார் எல்லாம் ஒரே மேடையில் ஒலித்தன. சேரும், ஆனால் சரியான சத்தம் வேண்டும்.

மூன்று பெடல்கள், மூன்று குணங்கள்

ஓவர்டிரைவ் பெடல் கிடாரிலிருந்து வரும் சிக்னலைப் பெரிதாக்கி, அதன் உச்சிகளை மழுங்கடிக்கிறது. அதனால்தான் அந்தக் கரகரப்பு வருகிறது. நான் பட்டியலில் வைத்தவை மூன்று.

ஐபனெஸ் டி.எஸ்.9 ட்யூப் ஸ்க்ரீமர் (1982): இது டி.எஸ்.808-ன் தம்பி. உச்சிகளை இரண்டு பக்கமும் சமமாக மழுக்கும். கீழ் ஒலிகளைக் குறைத்து, சுமார் 720 ஹெர்ட்ஸ் பக்கம் நடு ஒலியைத் தூக்கிக் காட்டும்.

பாஸ் எஸ்.டி-1 சூப்பர் ஓவர்டிரைவ் (1981): ட்யூப் ஸ்க்ரீமருக்கு நெருங்கிய உறவு. ஒரு பக்கம் இரண்டு டயோடு, மறுபக்கம் ஒன்று. அதனால் மழுங்கல் சமமாக இருக்காது; சத்தம் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். மூன்றில் விலை குறைந்தது இதுதான்.

பாஸ் பி.டி-2 ப்ளூஸ் டிரைவர் (1995): நடு ஒலியை மட்டும் தூக்காது. கீழ் ஒலியும் மேல் ஒலியும் தாராளமாக இருக்கும். மெதுவாக மீட்டினால் சுத்தமாகவும், ஓங்கி அடித்தால் கரகரப்பாகவும் பேசும்.

கிடாரை எப்படி இணைப்பது?

கம்ப்யூட்டரின் மைக் ஜாக்கில் கிடாரை நேரடியாகச் செருக வேண்டாம். அது மைக்குக்காகச் செய்தது. கிடாரின் மேல் ஒலி மங்கி, சத்தம் உடைந்து கேட்கும். யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்பேஸ் ஒன்று வேண்டும். அதில் ‘இன்ஸ்ட்’ அல்லது ‘ஹை-இசட்’ என்று குறித்த பொத்தான் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

விண்டோஸில் அந்த இன்டர்பேஸுக்குரிய ஏசியோ டிரைவரை இன்ஸ்டால் செய்திடவும். அது இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் ஏசியோ4ஆல் போதும். பிறகு பஃபர் அளவைக் கவனிக்கவும். 44,100 ஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் வைத்தால் பஃபரில் மட்டும் 23 மில்லி செகண்ட் தாமதம். தந்தியை மீட்டிய பிறகு சத்தம் பின்னால் ஓடி வரும். 128 வைத்தால் தாமதம் சுமார் 3 மில்லி செகண்ட்தான். கம்ப்யூட்டர் திணறி ‘பட் பட்’ என்று சத்தம் வந்தால் 256-க்கு மாற்றுங்கள்.

என்ன சாப்ட்வேர்?

ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாப்ட்வேரை 60 நாள் சோதித்துப் பார்க்கலாம். டி.எஸ்.இ. 808 என்ற இலவச பிளக்-இன் ட்யூப் ஸ்க்ரீமரைப் போலச் செய்தது. மற்ற பெடல்களுக்கு நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச பிளக்-இன் இருக்கிறது. உண்மையான பெடல்களை அளந்து எடுத்த பைல்களைப் பலர் இதற்காகப் பகிர்ந்திருக்கிறார்கள். ஆனால் அப்படி ஒரு பைல் என்பது போட்டோ மாதிரி. அளந்தபோது குமிழ்கள் எப்படி இருந்தனவோ, அந்தச் சத்தம்தான் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை: பெடலை மட்டும் போட்டுக் கேட்டால் தேனீக் கூட்டம் போல இரையும். அதன் பின்னால் ஒரு ஆம்ப் மாடலும் ஸ்பீக்கர் பெட்டிக்கான ஐ.ஆர். பைலும் சேர்த்தால்தான் மேடையில் கேட்கும் சத்தம் வரும்.

சோதனை செய்யும் முறை

1. ரீப்பரில் ‘கன்ட்ரோல் + டி’ தட்டி ஒரு டிராக் திறக்கவும். எந்த எஃபெக்டும் இல்லாமல் ஒரு நிமிடம் வாசித்து ரெக்கார்டு செய்யவும். மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே இருந்தால் போதும்.

2. அந்த டிராக்கை மேலும் இரண்டு காப்பி எடுத்து, மூன்றிலும் ஒவ்வொரு பெடலைப் போடவும். வாசிப்பு ஒன்றே என்பதால் ஒப்பிடுவது சுலபம்.

3. மூன்றின் சத்த அளவையும் சமமாக்கவும். இது மிக முக்கியம். சத்தம் கூடுதலாக உள்ளதே நல்லது என்று காது ஏமாந்துவிடும்.

4. டிராக்குகளுக்குப் பெயர் வைக்காமல் எண் மட்டும் கொடுத்து, வேறு யாரையாவது மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேட்கவும்.

என் அக்கா மகன் எண்களைக் கலைத்துப் போட்டான். தனியாகக் கேட்டபோது எனக்குப் பிடித்தது மூன்றாம் எண். திறந்து பார்த்தால் ப்ளூஸ் டிரைவர். உடனே வாங்கிவிடலாம் என்று எழுந்துவிட்டேன்.

அவன் விடவில்லை. "மாமா, மேடையில நீ தனியாவா வாசிக்கப் போற?" என்றான்.

சரியான கேள்வி. எங்கள் ஒத்திகையை செல்போனில் பதிவு செய்து வந்து, அந்தத் தாளத்தை நான்காவது டிராக்காகப் போட்டேன். அதோடு ஒத்துப்போகும்படி கிடாரை மறுபடி வாசித்து ரெக்கார்டு செய்து, அவன் எண்களை மீண்டும் கலைத்தான். இப்போது கதை மாறிவிட்டது. ப்ளூஸ் டிரைவரின் கீழ் ஒலி பறையோடு மோதியது. மேல் ஒலி சட்டிச் சத்தத்தில் மறைந்தது. தனியாகக் கேட்டபோது மூக்கடைத்தது போல இருந்த மற்ற இரண்டும் நடுவில் தெளிவாக நின்றன. முதல் முறை நான் ஏமாந்ததும் இதே இடத்தில்தான். வீட்டில் இனிமையாக இருந்ததை வாங்கினேன். கூட்டத்தில் கேட்குமா என்று பார்க்கவில்லை.

டி.எஸ்.9, எஸ்.டி-1 இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தத் தாளத்துக்குள் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதனால் விலை குறைந்த எஸ்.டி-1-ஐ வாங்கினேன். தனியாகவோ மெல்லிய பக்கவாத்தியத்தோடோ வாசிப்பவர் என்றால் ப்ளூஸ் டிரைவரே உங்களுக்குச் சரியாக இருக்கலாம். உங்கள் தாளத்தைப் போட்டுக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாங்கிய பிறகு

இந்த மூன்றுக்கும் 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ் அடாப்டர் வேண்டும். கையில் கிடைத்த அடாப்டரை மாட்டாதீர்கள். பேட்டரி போட்டிருந்தால் வாசித்து முடித்ததும் இன்புட் ஒயரைக் கழற்றிவிடவும்; செருகி இருக்கும் வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். ‘ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் மூன்று பின் பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டவும். ராயபுரம், காசிமேடு, எண்ணூர் என்று கடலோரம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று இன்னொரு எதிரி. ஜாக் கறுத்துப்போகும். மூடிய டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் பெடல் பல வருடம் உழைக்கும்.

போன திருவிழாக் கச்சேரி முடிந்து ஒயர் சுருட்டும்போது தாளக்காரர் பக்கத்தில் வந்தார். "இன்னைக்கு நீ ரெண்டு இடத்துல தப்பா வாசிச்ச தம்பி" என்றார். தப்பு அவர் காதில் விழுந்திருக்கிறது என்றால், கிடார் கேட்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்!