உரிமையை விற்றவரின் கடமை

வீரமுனையில் நெல் விளைவிக்கின்ற வேளாண்மைக்காரர் ஒருவர், விதைப்புக் காலத்திலேயே ஆலைக்காரரிடம் சிறு தொகையைச் செலுத்தி, அறுவடையின்போது மூடையொன்றை இன்ன விலைக்கு விற்கும் உரிமையைப் பெற்றுக்கொள்வாராயின், சந்தை விலை வீழ்ந்தால் அவ்வுரிமையைப் பயன்படுத்தலாம். உயர்ந்தால் அதனைக் கைவிட்டு வெளியே விற்கலாம். எவ்வாறாயினும் அவருக்கு நஷ்டமாவது முன்பு கட்டிய தொகை மாத்திரமே. உரிமையை விற்ற ஆலைக்காரரோ, விலை எவ்வளவு வீழ்ந்தாலும் பேசிய விலையைக் கொடுத்தே தீரவேண்டும். வணிக உலகம் ஒப்ஷன் என வழங்கும் ஒப்பந்தத்தின் ஸ்வரூபம் இதுவே.

ஐரோப்பாவில் இவ்வியாபாரம் தழைத்த நகரம் அம்ஸ்டர்டாம். 1602இல் ஸ்தாபிக்கப்பட்டு, 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து நம் மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குகளை வைத்தே அங்கு இவ்வொப்பந்தங்கள் பேசப்பட்டன. 1688இல் ஜோசப் டி லா வேகா என்னும் வணிகர் இயற்றிய நூல் அவற்றின் நுட்பங்களை விவரிக்கின்றது. ஆயினும், விற்றவர் வாக்குத் தவறினால் ஈடுசெய்யும் ஸ்தாபனம் அக்காலத்தில் இருக்கவில்லை. சிக்காகோவில் 1973இல் தோன்றிய சந்தையை முன்மாதிரியாகக் கொண்டு, 1978 ஏப்ரலில் அம்ஸ்டர்டாமில் திறக்கப்பட்ட ஐரோப்பிய ஒப்ஷன் சந்தையில், தீர்வகம் ஒன்று இரு தரப்பாருக்கும் நடுவே நின்று, விற்றவரிடம் பிணைத்தொகை பெற்று, வாங்கியவருக்கு உத்தரவாதம் அளித்தது. அதே மாதத்தில் லண்டனும் இவ்வழியைப் பின்பற்றிற்று. 1988இல் சுவிட்ஸர்லாந்தில் முற்றிலும் கணினியால் இயங்கும் சந்தை உதயமாகி, 1998இல் ஜெர்மானியச் சந்தையுடன் இணைந்து யூரெக்ஸ் ஆயிற்று.

இத்தகைய சந்தைகளுக்கு வெளியே, வங்கிகளுடன் நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்ட இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் அனுபவம் நமக்குப் பெரும் பாடமாகும். 2007இலும் 2008இலும் செய்யப்பட்ட அவ்வொப்பந்தங்களின்படி, மசகு எண்ணெய் விலை ஏறினால் வங்கிகள் ஓர் எல்லைவரை கொடுக்கவேண்டும். குறித்த மட்டத்துக்குக் கீழே இறங்கினாலோ கூட்டுத்தாபனம் கொடுக்கவேண்டும். விலையேற்றத்துக்குப் பாதுகாப்புத் தேடிய ஸ்தாபனம், அதற்கு ஈடாகத் தானே ஓர் உரிமையை விற்றுவிட்டது. 2008 ஜூலையில் பீப்பாய்க்கு 147 டொலரைத் தொட்ட விலை, டிசம்பரில் 40 டொலருக்கும் கீழே சரிந்தது. உயர் நீதிமன்றம் கொடுப்பனவுகளை இடைநிறுத்தியபோதிலும், ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கிக்கு 16 கோடி டொலருக்கு மேல் செலுத்தவேண்டுமென்று 2011இல் லண்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆதலின், எவ்வொப்பந்தத்திலும் கையொப்பமிடுமுன், நாம் பெறும் உரிமை யாதென்று மகிழ்வதைவிட, நாம் விற்கும் உரிமை யாது, அதனால் நேரும் நஷ்டத்துக்கு எல்லையுண்டா என்று விசாரித்தறிவதே விவேகம். பொதுமக்களின் பணத்தைக் கையாள்வோருக்கோ அது தவிர்க்கவொண்ணாத கடமை.