விமானத்தில் உங்கள் தட்டு: சிறப்பு உணவின் பெயர் சொல்வதும் சொல்லாததும்

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். லண்டனில் இருக்கும் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சிங்கப்பூரிலிருந்து புறப்படுகிறார் ஓர் அம்மா. வயது 68. சுத்த சைவம். பல ஆண்டுகளாக நீரிழிவு. டிக்கெட் எடுத்துக் கொடுத்த மகன், சிறப்பு உணவுப் பட்டியலில் 'நீரிழிவு உணவு' என்று ஒன்று இருப்பதைப் பார்க்கிறார். அம்மாவுக்கு இதுதான் சரி என்று அதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார். விமானம் மேலேறிச் சிறிது நேரத்தில், மற்றவர்களுக்கு முன்பாகவே அம்மாவின் தட்டு வருகிறது. மூடியைத் திறந்தால், உள்ளே கோழி.

இதில் மகன் மீதும் தவறில்லை, சமையற்கூடத்தின் மீதும் தவறில்லை. 'நீரிழிவு உணவு' என்ற பெயர் சீனியைப் பற்றியும் கொழுப்பைப் பற்றியும்தான் பேசுகிறது. சைவமா அசைவமா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. நீண்ட பயணத்தில் சிறப்பு உணவு கேட்பவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

நான்கு எழுத்துச் செய்தி

நீங்கள் சிறப்பு உணவைத் தேர்ந்தெடுத்ததும், உங்கள் பயணப் பதிவில் நான்கு ஆங்கில எழுத்துகள் கொண்ட குறியீடு ஒன்று சேர்க்கப்படுகிறது. உலகின் பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஒரே வகைக் குறியீடுகளையே பயன்படுத்துகின்றன. இந்தியச் சைவ உணவுக்கு ஏ.வி.எம்.எல்., நீரிழிவு உணவுக்கு டி.பி.எம்.எல்., உப்புக் குறைந்த உணவுக்கு எல்.எஸ்.எம்.எல். என்று பட்டியல் நீள்கிறது. சமையற்கூடத்திற்குப் போய்ச் சேருவது இந்தக் குறியீடுதான். உங்கள் வயது, நோய், வழக்கம் எதுவும் அங்குள்ள சமையல்காரருக்குத் தெரியாது. இந்த விமானத்திற்கு இந்தக் குறியீட்டில் இத்தனை தட்டு என்பதுதான் அவருக்குத் தெரியும்.

பெரும்பாலான நிறுவனங்களில் ஒரு பயணிக்கு ஒரு குறியீடுதான் பதிவாகும். சைவம், நீரிழிவு என்று இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது. ஆகவே எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்க முடியாது என்று முன்கூட்டியே யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

'இந்து உணவு' சைவமல்ல

நம்மவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் இது. எச்.என்.எம்.எல். எனப்படும் இந்து உணவு அசைவ உணவு. அதில் மாட்டிறைச்சி இருக்காது. ஆனால் கோழி, ஆடு, மீன், முட்டை இருக்கலாம். பெயரைப் பார்த்துச் சைவம் என்று எண்ணித் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம்தான்.

சைவத்திலும் பல வகை உண்டு. ஏ.வி.எம்.எல். என்பது இந்திய மசாலாவில் சமைத்த சைவ உணவு. இறைச்சி, மீன், முட்டை கிடையாது. பால், தயிர், நெய் இருக்கலாம். நிறுவனத்திற்கு நிறுவனம் இதன் பெயர் 'ஆசியச் சைவம்', 'இந்தியச் சைவம்', 'இந்து சைவம்' என்று மாறும். பெயரைப் பார்க்காமல் எழுத்துகளைப் பாருங்கள். வி.எல்.எம்.எல். என்பதும் சைவம்தான், ஆனால் மேலைநாட்டுக் கணக்கில். அதில் முட்டை இருக்கலாம். வி.ஜி.எம்.எல். உணவில் பாலும் இல்லை, முட்டையும் இல்லை. வி.ஜே.எம்.எல். என்பது சமணர்களுக்கான உணவு. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு போன்ற மண்ணுக்கடியில் விளைபவை அதில் சேர்க்கப்படுவதில்லை. தைப்பூச விரதத்திலோ புரட்டாசி மாதத்திலோ வெங்காயம், பூண்டு தவிர்ப்பவர்கள் பயணம் செய்ய நேர்ந்தால் இதைக் கேட்கலாம்.

ஹலால் உணவைப் பொறுத்தவரை, மலேசியா ஏர்லைன்ஸ், எமிரேட்ஸ் போன்ற நிறுவனங்களில் வழக்கமான உணவே ஹலால். மற்ற நிறுவனங்களில் எம்.ஓ.எம்.எல். என்ற குறியீட்டைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

24 மணி நேரம் எதற்கு?

சிறப்பு உணவைப் பெரும்பாலான நிறுவனங்களில் புறப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். யூதர்களின் கோஷர் உணவு போன்ற சிலவற்றுக்கு 48 மணி நேரம் தேவைப்படலாம். 'ஒரு தட்டுச் சோற்றுக்கு இவ்வளவு நேரமா?' என்று தோன்றலாம். காரணம், நீங்கள் மேலே சாப்பிடுவது மேலே சமைத்தது அல்ல.

உணவு விமான நிலையத்தை ஒட்டிய பெரிய சமையற்கூடத்தில் முன்னதாகவே சமைக்கப்படுகிறது. சமைத்ததும் அதிவேகக் குளிரூட்டியில் வைத்து, சுமார் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொண்டு வருகிறார்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பம் நோய்க்கிருமிகள் வேகமாகப் பெருகும் எல்லை. உணவு அந்த எல்லையை விரைவாகக் கடந்துவிட வேண்டும். பிறகு குளிர்ந்த நிலையிலேயே தட்டில் அடுக்கி, வண்டியில் ஏற்றி, விமானத்திற்கு அனுப்புகிறார்கள். மேலே இருக்கும் சூடேற்றும் அடுப்பின் வேலை, சமைத்ததை மீண்டும் சூடாக்குவது மட்டுமே. விமானப் பணியாளர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், நடுவானில் உங்களுக்காகப் புதிதாக ஒன்றைச் சமைத்துத் தர அவரால் முடியாது.

இந்தக் கட்டுப்பாடு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1975 பிப்ரவரியில் நடந்த ஒரு சம்பவமே சாட்சி. தோக்கியோவிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் வழியாக ஐரோப்பாவுக்குப் பறந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் 196 பயணிகளும் ஒரு பணியாளரும் நோய்வாய்ப்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. காலை உணவாகக் கொடுத்த ஹாம் ஆம்லெட்தான் காரணம். அதைத் தயாரித்த சமையல்காரரின் விரலில் இருந்த புண்ணிலிருந்து ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி உணவுக்குப் போயிருந்தது. உணவு பல மணி நேரம் போதிய குளிரில்லாமல் இருந்ததால் கிருமி பெருகி நச்சை உண்டாக்கியது. அந்த நச்சு சூட்டுக்கு அழியாது. விமானத்தில் மீண்டும் சூடாக்கியும் பயனில்லாமல் போனது.

ஆகாயத்தில் நாக்கு ஏமாறும்

சிறப்பு உணவு கேட்டவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, 'உப்பில்லை, உறைப்பில்லை' என்பது. எல்லாக் குறையும் சமையலின் மேல் இல்லை. பாதி காரணம் நம் உடலில் இருக்கிறது.

விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரையில் இருப்பதுபோல் இருக்காது. சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கும் குறைவு. மூக்கு உலர்ந்துவிடும். சுவை என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி உண்மையில் வாசனை என்பதால், மூக்கு உலர்ந்தால் உணவும் சப்பென்று ஆகிவிடும். சளி பிடித்த நாளில் ரசம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக் கழகம் லுஃப்தான்சா நிறுவனத்துக்காக இதைச் சோதித்தது. ஒரு விமானத்தின் உடற்பகுதியைக் குறைந்த அழுத்தக் கூடத்தில் வைத்து, உள்ளே அமர்ந்தவர்களுக்கு உணவு கொடுத்துப் பார்த்தார்கள். உப்பின் சுவை 20 முதல் 30 விழுக்காடும், இனிப்பின் சுவை 15 முதல் 20 விழுக்காடும் குறைவாகத் தெரிந்தன. புளிப்பு, கசப்பு, காரம் ஆகியவை அவ்வளவாக மங்கவில்லை. 

இரைச்சலுக்கும் இதில் பங்கு உண்டு. 2015இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விமான இரைச்சலைக் கேட்டபடி சுவைத்தவர்களுக்கு இனிப்பு மங்குவதையும், தக்காளி, காளான், சோயா போன்றவற்றில் இருக்கும் உமாமி சுவை கூடுவதையும் கண்டார்கள். நாக்கின் முன்பகுதியிலிருந்து சுவையைக் கொண்டு செல்லும் நரம்பு, காதின் நடுப்பகுதி வழியாகச் செல்வது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்களின் கருத்து. 

புளியும் மிளகாயும் தக்காளியும் சேர்ந்த நம் குழம்பு வகைகள், வெறும் உப்பை நம்பியிருக்கும் உணவைவிட மேலே நன்றாக எடுபடுவதில் வியப்பில்லை. ஆனால் இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. இரத்த அழுத்தத்துக்காக உப்புக் குறைந்த உணவு கேட்டவருக்கு அது மேலே இன்னும் சப்பென்று இருக்கும். கை தானாகவே உப்புப் பொட்டலத்தைத் தேடும். நீரிழிவு உள்ளவருக்கு ஆரஞ்சு ஜூஸின் இனிப்பு குறைவாகத் தெரிவதால், 'இதில் சீனி அதிகம் இல்லை போலும்' என்று இன்னொரு குவளை கேட்கத் தோன்றும். சுவை குறைந்ததே தவிர, உப்பும் சீனியும் ஒரு துளியும் குறையவில்லை. மேலே இருக்கும்போது நாக்கை நம்பாமல் அளவை நம்புங்கள். உப்புக்குப் பதிலாக மிளகுத் தூளோ எலுமிச்சைத் துண்டோ கேளுங்கள்.

வயிற்றுக்கும் ஒரு வார்த்தை. அழுத்தம் குறைந்தால் வாயு விரியும். மேலே போனதும் உருளைக்கிழங்குச் சிப்ஸ் பொட்டலம் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் குடலில் உள்ள வாயுவும் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை விரியும். கிளம்பும் முன் மொச்சையும் கடலையும் சோடாவும் வேண்டாம்.

நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்க

நீரிழிவு உணவு உங்கள் மருந்தின் அளவைப் பார்த்துத் தயாரித்தது அல்ல. சில வேளைகளில் அதில் மாவுச்சத்து மிகவும் குறைவாக இருக்கும். இன்சுலின் போடுபவருக்கு இது நல்லதல்ல. மருந்து தன் வேலையைச் செய்யும். அதற்கு ஈடான மாவுச்சத்து வயிற்றில் இருக்காது. சீனி அளவு சட்டென இறங்கிவிடும்.

அதைவிட முக்கியமானது நேரம். உணவு வண்டி இரண்டு வரிசை தள்ளித்தானே நிற்கிறது என்று முன்கூட்டியே ஊசி போட்டுவிடாதீர்கள். அந்த நேரம் பார்த்து விமானம் குலுங்கத் தொடங்கினால், பணியாளர்கள் வண்டியை உள்ளே தள்ளிவிட்டு இருக்கையில் அமர்ந்துவிடுவார்கள். அரை மணி நேரமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். உணவோடு போடும் இன்சுலினைத் தட்டு உங்கள் முன் வந்த பிறகே போடுங்கள். சீனி இறங்கினால் வியர்வை, நடுக்கம், குழப்பம் வரும். இருட்டிய விமானத்தில் மயங்கிக் கிடப்பவரைத் தூங்குகிறார் என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்துவிடக்கூடும். தனியாகப் பயணம் செய்தால், உங்களுக்கு நீரிழிவு இருப்பதைப் பணியாளரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

சிங்கப்பூர், கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்குச் சுமார் 14 மணி நேரப் பயணம். இரண்டு முக்கிய உணவுகளுக்கு இடையே பல மணி நேரம் கடந்துவிடும். மேற்கு நோக்கிப் பறக்கும்போது உங்கள் நாள் ஏழெட்டு மணி நேரம் நீளும். மருந்தை எப்போது, எவ்வளவு எடுப்பது என்று பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்குப் பகுதியில் போகும் பெட்டியில் அது உறைந்து கெட்டுவிடலாம்.

ஒவ்வாமை இருந்தால்

கடலை, எள் போன்றவற்றுக்குக் கடும் ஒவ்வாமை இருப்பவர்கள் சிறப்பு உணவைப் பாதுகாப்பு உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளக்கூடாது. ஒரே சமையற்கூடத்தில் எல்லா உணவும் தயாராகிறது. பக்கத்து இருக்கைக்காரர் கடலை சாப்பிடலாம். மருத்துவர் தந்த அவசர ஊசி மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கோதுமைப் புரதமான குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஜி.எஃப்.எம்.எல். உண்டு. ஆனால் இடையில் கொடுக்கும் நொறுக்குத் தீனிக்கு அந்தக் குறியீடு காவல் நிற்காது. சாதாரண சோயா சாஸில்கூடக் கோதுமை உண்டு என்பதை மறக்காதீர்கள். இரவில் கேட்டு வாங்கும் கப் மீயைச் சைவர்களும் பொட்டலத்தைப் படித்துப் பார்த்தே சாப்பிட வேண்டும்.

கிளம்பும் முன்

டிக்கெட் எடுத்த அன்றே சிறப்பு உணவைப் பதிவு செய்யுங்கள். பயணத்திற்கு இரண்டு மூன்று நாள் முன்பு மீண்டும் சரிபாருங்கள். விமானம் மாறினாலோ, தேதி மாறினாலோ, பதிவு விட்டுப்போகலாம். வழியில் விமானம் மாறிப் போகிறீர்கள் என்றால், ஒவ்வொரு விமானத்துக்கும் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நிறுவனத்தில் வாங்கிய டிக்கெட்டில் இன்னொரு நிறுவனத்தின் விமானம் பறக்கிறது என்றால், பறக்கும் நிறுவனத்திடமே கேட்பது நல்லது. உங்கள் தட்டு இருக்கை எண்ணைத் தேடித்தான் வரும். ஆகவே மேலே இடம் மாறி அமர்ந்தால் பணியாளரிடம் சொல்லுங்கள்.

கைப்பையில் கொஞ்சம் தின்பண்டமும் இருக்கட்டும். பிஸ்கட், சப்பாத்தி, முறுக்கு போன்ற திடப்பொருள்கள் பாதுகாப்புச் சோதனையில் பொதுவாகத் தடையில்லை. தயிரும் சாம்பாரும் 100 மில்லிலிட்டர் விதியில் மாட்டிக்கொள்ளும். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இறங்கும்போது மீந்த உணவை அதிகாரிகளிடம் அறிவிக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி, நம் அம்மாவுக்கு வருவோம். அவருக்குக் கேட்டிருக்க வேண்டியது ஏ.வி.எம்.எல். சைவம் என்பதை அவரால் தட்டில் பிரித்தெடுக்க முடியாது. கோழியைத் தள்ளி வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட அவருக்கு மனம் வராது. ஆனால் சீனியை அவரே கட்டுப்படுத்தலாம். சோற்றை அளவாக எடுத்துக்கொண்டு, இனிப்பையும் ஜூஸையும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். பையில் நாலு பிஸ்கட் இருந்தால் நடு இரவுக்கும் பயமில்லை. குறியீட்டால் மட்டுமே காக்க முடிவதைக் குறியீட்டிடம் கொடுங்கள். உங்கள் கையால் காக்க முடிவதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வீட்டுப் பெரியவர்களுக்கு டிக்கெட் எடுக்கும்போது, அந்தப் பட்டியலை அவர்களோடு உட்கார்ந்து ஒரு முறை படித்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.