மண் கேட்காத செடி

ஜாசின் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டத்தைக் கடந்து போகும்போது மரங்களைச் சற்று உற்றுப் பாருங்கள். வெட்டிய மட்டைகளின் இடுக்குகளில் பெரணிகள் அடர்ந்திருக்கும். அவற்றுக்குத் தரை மண் தேவையில்லை; மரத்தின் சாற்றையும் அவை உறிஞ்சுவதில்லை. பற்றிக்கொள்ள ஓர் இடமும், இடுக்கில் தேங்கும் ஈரமும் மக்கிய குப்பையும் போதும்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்த நான், மீன் தொட்டிக்கு வாங்கிய முதல் ஜாவா பெரணியை மணலுக்குள் புதைத்தேன். சில வாரங்களில் தண்டு கறுத்து அழுகியது. இலைகள் ஒவ்வொன்றாக மிதந்தன. செடி மட்டமானது என்று நினைத்தேன். தவறு என்னுடையது.

பெயரில் ஜாவா இருந்தாலும் இது நம் நாட்டுச் செடியும்கூட. வெப்பமண்டல ஆசியாவின் காட்டு ஓடைகளில், பாறைகளையும் விழுந்த மரங்களையும் பற்றி வளர்கிறது. அறிவியல் பாடத்தில் 'ரைசோம்' என்று படித்தோமே, அந்தக் கிடைத்தண்டிலிருந்துதான் இதன் இலைகளும் வேர்களும் கிளம்புகின்றன. சத்தைப் பெரும்பாலும் நீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். தண்டை மணல் மூடினால் அதைச் சுற்றி நீரோட்டம் நின்று அழுகத் தொடங்கும்.

எனவே நடாதீர்கள், கட்டுங்கள். சொரசொரப்பான கல் அல்லது ஊறவைத்த மரத்துண்டு ஒன்றை எடுங்கள். பழுப்பேறிய இலைகளை நறுக்கிவிட்டு, தண்டை அதன்மேல் படுக்கவைத்துப் பருத்தி நூலால் சுற்றுங்கள். நூல் தண்டை வெட்டும் அளவுக்கு இறுக்க வேண்டாம். நூல் நாளடைவில் மக்கிப்போகும். அதற்குள் வேர் பிடித்திருக்கும். பிடிக்கவில்லை என்றால் மறுபடி கட்டுங்கள். தூண்டில் நரம்பு மக்காது. வேரூன்றியதும் வெட்டி எடுத்துவிடலாம்.

அடுத்து வேண்டியது பொறுமை. ஜாவா பெரணி மெதுவாகத்தான் வளரும். அவசரப்பட்டு விளக்கை அதிக நேரம் எரியவிட்டால் செடிக்கு முன் பாசிதான் வளரும். அது இலைகளையும் மூடிவிடும். மிதமான வெளிச்சமே போதும்.

இலையின் அடியில் கரும்புள்ளிகள் தெரிந்தால் நோய் என்று பயந்து வெட்டிவிடாதீர்கள். பெரணி விதையால் அல்ல, வித்துகளால் பெருகும் இனம். புள்ளிகள் பெரும்பாலும் அந்த வித்துத் திரள்களே. முதிர்ந்த இலைகளில் குட்டிச் செடிகளும் முளைக்கும். அவற்றுக்கு வேரும் சில இலைகளும் வந்ததும் கிள்ளி, வேறொரு கல்லில் கட்டலாம்.

ஒன்று மட்டும்: காட்டு ஓடையில் கண்டால் பிடுங்கி வராதீர்கள். செடி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு துண்டுத் தண்டு கேளுங்கள். ஓராண்டில் நீங்களும் இன்னொருவருக்குக் கொடுப்பீர்கள்.