உங்களுக்குத் தெரியுமா? லினக்ஸ் எழும்பும்போதே அணையும் கணினி

● பட்டனை அழுத்தியதும் லினக்ஸ் சின்னம் தெரிந்து, அடுத்த நொடியே கணினி அணைந்துவிடுகிறதா? லினக்ஸை அழித்து மறுபடி ஏற்ற அவசரப்படாதீர்கள். பயாஸ் திரைக்குள் போய்க் கால் மணி நேரம் அப்படியே விட்டுவையுங்கள். அங்கேயும் அணைந்தால் லினக்ஸ் மேல் பழியில்லை. அது இன்னும் ஓடத் தொடங்கவே இல்லை.

● பல நேரங்களில் இப்படி அணைவது தற்காப்பு. அளவு மீறிச் சூடானால் கருகிப்போகாமலிருக்கச் செயலியே மின்சாரத்தைத் துண்டிக்கச் செய்யும். லினக்ஸ் கெர்னலும் வெப்பத்தைக் கவனித்துக்கொண்டிருக்கும். உச்ச வரம்பைத் தொட்டதும் ‘கிரிட்டிக்கல் டெம்பரேச்சர் ரீச்ட்’ என்று எழுதிவிட்டு முறையாக மூடும். ஈப்போவில் பகல் வெப்பம் 33 டிகிரியைத் தொடுவது சாதாரணம். ஆனாலும் எழும்பும் சில நொடிகளிலேயே வரம்பை எட்டினால் வெயிலைக் குறை சொல்ல முடியாது. விசிறி நின்றிருக்கலாம், அல்லது வெப்பம் உறிஞ்சும் தகடு செயலியோடு ஒட்டாமல் தூக்கிக்கொண்டிருக்கலாம்.

● உலகின் மிக வளமான வெள்ளீய நிலங்களில் ஒன்று நம் கிந்தா பள்ளத்தாக்கு. 1985-இல் உலகச் சந்தை சரிந்தபின் லம்பங்கள் எனும் ஈயச் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. அந்த உலோகம் இன்றும் கணினிக்குள் இருக்கிறது. தாய்ப்பலகையின் பற்றவைப்புகளில் பெரும்பங்கு வெள்ளீயம்தான். 2006-இல் ஐரோப்பிய ஒன்றியம் காரீயத்தைக் கட்டுப்படுத்தியபின் பரவிய கலவை ஒன்றில் வெள்ளீயம் 96.5 விழுக்காடு, வெள்ளி 3, செம்பு 0.5. ஆண்டுக்கணக்கில் சூடாகிக் குளிர்ந்தால் பற்றவைப்பில் மயிரிழைக் கீறல் விழும். குளிர்ந்திருக்கும்போது ஓடி, சூடேறியதும் அணையும் பழைய கணினிகளில் இதையும் சந்தேகிக்க வேண்டும்.

● மலேசியாவின் பெயரளவு மின்னழுத்தம் 2008-இல் 240 வோல்ட்டிலிருந்து 230 ஆனது. அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம் 216.2 முதல் 253 வோல்ட் வரை. நல்ல பவர் சப்ளை இதைத் தாங்கும். இடிமின்னல் அதிகமுள்ள நாடு இது. அடிபட்டு, உள்ளே மின்தேக்கிகள் உப்பிப்போன பவர் சப்ளை தாங்காது. எழும்பும்போது வட்டும் கிராபிக்ஸும் ஒரே நேரத்தில் மின்சாரம் இழுக்கும். அங்கேதான் அது கைவிடும். தெரிந்தவரிடம் இன்னொன்றை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். பழைய தோட்ட வீடுகளில் ஒரே நீட்டிப்புக் கம்பியில் ஐஸ்பெட்டியும் கணினியும் இருந்தால், முதலில் இரண்டையும் பிரித்து மாட்டுங்கள்.

● எழும்பும் தொடக்கக் குறிப்புகள் முதலில் நினைவகத்தில்தான் இருக்கும். மின்சாரம் போனால் அவையும் போகும். வட்டில் பதிந்திருந்தால், பழுதுபார்ப்பு முறையில் நுழைந்து ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையால் கணினி முந்தைய முறை எழும்பியதன் பதிவைப் படிக்கலாம். பதிவு முறையாக முடிந்திருந்தால் மென்பொருள் மூடியது. பாதியில் அறுந்திருந்தால் பெரும்பாலும் மின்சாரம் வெட்டுப்பட்டது. பதிவே இல்லையா? எழும்பும்போது வரும் கிரப் பட்டியலில் ‘ஈ’ விசையை அழுத்தி, லினக்ஸ் வரியில் ‘குவைட்’, ‘ஸ்பிளாஷ்’ இரண்டையும் நீக்கிக் கண்ட்ரோல்-எக்ஸ் தட்டுங்கள். சின்னம் மறைந்து, நடப்பதெல்லாம் எழுத்தாக ஓடும். கைப்பேசியில் காணொளி எடுங்கள். புதுப் பலகை வாங்கச் சொல்லும் கடைக்காரரிடம் அந்தக் கடைசி வரிகளை முதலில் காட்டுங்கள்.